மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து ஜப்பான் பாடசாலைக்கு: பரிமாற்ற மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானில் ஹோஸ்ட் குடும்பம் ஒன்றோடு தங்கி, அங்குள்ள உயர்நிலைப் பாடசாலையில் ஏறக்குறைய ஒரு வருடம் படிக்கப் போகும் 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் இந்தப் பக்கம். விசா, விமானப் பயணம், தெரிவு நேர்முகம் பற்றியெல்லாம் அனுப்பும் திட்டமே சொல்லித்தரும். அதற்குப் பிறகு வரும் அன்றாட வாழ்க்கைதான் இங்கே இருக்கிறது. பெரிய விடயங்களால் பிள்ளைகள் அதிகம் கஷ்டப்படுவதில்லை. முன்கூட்டியே கேட்காமல் விட்ட சின்ன விடயங்கள்தான் முதல் மாதத்திலேயே கண்ணீரை வரவழைக்கும். ஆகவே கீழே பல இடங்களில் "எழுதிக் கொடுங்கள்" என்று திரும்பத் திரும்ப வரும். அலுத்தாலும் அதைச் செய்யுங்கள்.

ஒரு பாடசாலை நாள் எப்படிப் போகும்?

காலை 8.20, 8.30 அளவில் வகுப்பில் இருக்க வேண்டும். முதலில் வகுப்பாசிரியரோடு 10 நிமிடம். வரவு பார்ப்பதும் அன்றைய அறிவித்தல்களும் அப்போதுதான். பிறகு 50 நிமிடப் பாடங்கள், இடையில் 10 நிமிட இடைவேளை. பெரும்பாலும் காலையில் நான்கு பாடம், பகலுணவுக்குப் பிறகு இரண்டு. பகலுணவுக்கு 40 முதல் 50 நிமிடம் கிடைக்கும். கடைசிப் பாடம் முடிந்ததும் துப்புரவு, மீண்டும் வகுப்பாசிரியரோடு சில நிமிடம். இவை முடிய மாலை மூன்றரை ஆகிவிடும். கழகப் பயிற்சி இருந்தால் வீடு வந்து சேர 6.30, 7 மணி.

நம் ஊரில் 1.30க்கு மணியடித்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தெழும்பி டியூசனுக்குப் போகும் பிள்ளைக்கு இந்த நீளம்தான் முதல் அடி. முதல் இரண்டு மூன்று வாரம் பின்னேரத்தில் தலை சாயும். இரவு 10 மணிக்கே படுக்கப் பழகுங்கள். நடுச்சாமம் வரை போனில் இருந்துவிட்டு மறுநாள் ஐந்தாம் பாடத்தில் தூங்குவது ஆசிரியர்கள் உடனே கவனிக்கும் விடயம்.

ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மாணவர் குரல் கொடுப்பார்: "கிரிட்சு" என்றால் எழும்புங்கள், "ரெய்" என்றால் குனிந்து வணங்குங்கள், "சக்குசெக்கி" என்றால் இருங்கள். அன்றைய முறைக்காரர்தான் பெரும்பாலும் இதைச் சொல்வார். கரும்பலகை அழிப்பதும் வகுப்பு நாட்குறிப்பு எழுதுவதும் அவர் வேலை. உங்கள் முறையும் வரும். "எனக்கு மொழி தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். மூன்று சொல்தானே.

கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். பல பாடசாலைகளில் மூன்று தவணை. ஜூலைக் கடைசியிலிருந்து ஓகஸ்ட் முடியும் வரை கோடை விடுமுறை.

உள்ளே போடும் சப்பாத்து, வெளியே போடும் சப்பாத்து என்கிறார்களே, எத்தனை சோடி தேவை?

மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வீதிக்கு ஒன்று, பாடசாலைக் கட்டடத்துக்குள் போடும் "உவபாக்கி" ஒன்று, உடற்பயிற்சி மண்டபத்துக்கு ஒன்று. பின்னைய இரண்டையும் இங்கிருந்து வாங்கிப்போக வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நிறம் வைத்திருக்கும் பாடசாலைகள் உண்டு. அங்கே போய் வாங்குவதே சரி.

வாசலில் பெயர் ஒட்டிய சப்பாத்துத் தட்டு இருக்கும். வீதிச் சப்பாத்தைத் தாழ்ந்த பக்கத்தில் கழற்றி, கால் நிலத்தில் படாமல் உயர்ந்த தரைக்கு ஏறி, அங்கே உவபாக்கியைப் போட வேண்டும். கழற்றாத சப்பாத்தோடு மேல் தரையில் ஒரு அடி வைத்தாலும் யாராவது பதறிக்கொண்டு வருவார்கள். வீட்டு வாசலிலும் இதே முறைதான். அங்கே சப்பாத்தின் மூக்கு வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு இருக்கும். அதோடு வெளியே வந்துவிடுவதுதான் எல்லாப் புதியவர்களும் செய்யும் பிழை.

பிள்ளைகளா பாடசாலையைத் துப்புரவு செய்வது?

ஆம். தினமும் 15 நிமிடம் அளவில், குழு குழுவாக. நம் பிள்ளைகள் வகுப்பு கூட்டிப் பழகியவர்கள்தான். ஈரத் துணியால் தரை துடைப்பதும் கழிப்பறை கழுவுவதும் மட்டுமே புதிதாக இருக்கும். எந்த வாரம் எந்த இடம் என்ற அட்டவணை சுவரில் தொங்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் பெயர் எங்கே வருகிறது என்று கேளுங்கள்.

மொழி தெரியாமல் வகுப்பில் என்ன செய்வது?

புறப்படும் முன் ஜப்பானியத்தின் இரண்டு ஒலியெழுத்து வரிசைகளும், அதாவது ஹிரகனா 46 எழுத்தும் கட்டகனா 46 எழுத்தும் கண்ணை மூடிக்கொண்டு எழுத வர வேண்டும். நாளுக்கு 5 எழுத்து என்றால் மூன்று வாரத்தில் இரண்டும் முடிந்துவிடும். பொருளைக் குறிக்கும் சீன எழுத்துகளான கஞ்சியை நினைத்துப் பயப்பட வேண்டாம். அன்றாடப் பாவனைக்கென்று அந்நாட்டு அரசு வகுத்த பட்டியலில் 2,136 கஞ்சி உண்டு. அங்குள்ள பிள்ளைகளே அதை ஒன்பது வருடத்துக்கு மேலாகப் படிக்கிறார்கள். முதல் 100 தெரிந்தால் பலகைகளும் நேர அட்டவணையும் ஓரளவு பிடிபடும்.

தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஜப்பானிய வாக்கியம் தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கிலேயே ஓடும். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். "நான் பாடசாலைக்குப் போகிறேன்" என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் வைத்தால் "வத்தாஷி வா கக்கோ நி இக்கிமசு". ஆங்கிலத்தில் யோசித்து மாற்றப் போனால்தான் தலைகீழாகும். ஆங்கிலவழிப் புத்தகத்தில் படித்தாலும் மனதுக்குள் தமிழில் வாக்கியம் அமையுங்கள்.

வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் முதல் வாரத்திலிருந்தே பின்தொடரலாம். சமூகக் கல்வியும் பழைய ஜப்பானிய இலக்கியமும் புரியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நூலகத்தில் ஜப்பானிய மொழி படிக்க விடுவார்களா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பல பாடசாலைகள் சம்மதிக்கும். பரீட்சைத் தாளில் கஞ்சிக்கு மேல் ஹிரகனாவில் வாசிப்பு போட்டுத் தர முடியுமா என்றும் கேட்கலாம். தவணையில் ஒன்றோ இரண்டோ பரீட்சை வரும். புள்ளி குறைந்ததற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தாளை வெறுமையாக விட்டுத் தூங்கினால் மதிப்பு போய்விடும். தெரிந்த மட்டும் எழுதுங்கள்.

மகள் தோடு போடலாமா? பொட்டு, கையில் கட்டிய நூல், ஹிஜாப்?

பெரும்பாலான பாடசாலைகளில் காதணி, சங்கிலி, முடிக்கு நிறமூட்டுதல், நகச்சாயம் எல்லாவற்றுக்கும் தடை. அங்கே காது குத்துவது நாகரிகம் பார்க்கும் பெரிய பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் இருப்பதால், கைக்குழந்தையிலேயே காது குத்தும் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. விளக்கம் சொல்லாமல் தோட்டோடு போய் நின்றால், ஒழுங்கு மீறும் பிள்ளை என்ற பெயர் முதல் நாளே விழும்.

செய்ய வேண்டியது இதுதான். புறப்பட மூன்று மாதத்துக்கு முன் திட்டத்தின் வழியாகப் பாடசாலைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன அணிகிறாள், ஏன் அணிகிறாள், எதைக் கழற்றலாம், எதைக் கழற்ற முடியாது என்று நாலு வரி. முகம் தெரியும் ஒரு படம். தோட்டைக் கழற்றச் சொன்னால், துளை மூடாமல் இருக்க நிறமற்ற பிளாஸ்டிக் குச்சி அனுமதிப்பார்களா என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். கோயில் நூலுக்கும் பொட்டுக்கும் அப்படியே.

ஹிஜாப் அணியும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். சீருடையின் நிறத்துக்குப் பொருந்த வெள்ளை, கடும் நீலம், கறுப்பு மூன்றிலும் ஊசி குத்தாமல் இழுத்துப் போடும் வகையில் எடுத்துப் போங்கள். நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, உடற்பயிற்சி உடை, நீச்சல் பாடம் ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். "சமய ஆடை அணிவாள்" என்று பொதுவாக எழுதினால் தலைத்துணிக்கு மட்டும் சம்மதம் வரும். ஜூன் மாதம் முழங்கால் பாவாடையும் அரைக்கைச் சட்டையும் நீட்டும்போதுதான் மற்றவை ஞாபகம் வரும். கோடைச் சீருடைக்கும் குளிர்காலச் சீருடைக்கும் மாறும் நாட்கள் பொதுவாக ஜூன் 1, ஒக்டோபர் 1.

பிள்ளை சைவம். சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், ஆனால் எது சைவம் என்பதை நீங்கள்தான் வரையறுத்துக் கொடுக்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடி "தாஷி" என்ற சாறு. அதைப் பெரும்பாலும் "கட்சுவோபுஷி"யில் எடுப்பார்கள். சம்பலுக்குப் போடும் மாசி எந்தச் சூரை மீனில் வருகிறதோ, அதே மீனை அவித்து, புகையூட்டிக் காயவைத்ததுதான் அது. மிசோ சூப், நூடில்ஸ் சாறு, அவித்த மரக்கறி, முட்டைப் பொரியல் எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்கு மீன் துண்டு தெரியாததால் சமைப்பவரே அதை மீன் என்று நினைப்பதில்லை. கறிச் சோறு என்று ஒன்று தருவார்கள். பெயரைக் கேட்டு மகிழ்ந்து விடாதீர்கள். கடையில் விற்கும் அந்தக் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும்.

ஆகவே "சைவம்" என்ற சொல்லை மட்டும் எழுதாமல் மூன்று பட்டியல் எழுதுங்கள். சாப்பிடவே முடியாதது, தெரியாமல் சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது, தாராளமாகச் சாப்பிடுவது. தாஷியை எந்தப் பட்டியலில் போடுவது என்று குடும்பமாக இருந்து முடிவெடுங்கள். நடுப் பட்டியலில் போட முடிந்த பிள்ளைக்கு வருடம் இலேசாகப் போகும். முடியாது என்றால் கடற்பாசியான கொன்புவிலும் காய்ந்த ஷியிட்டாக்கே காளானிலும் தாஷி எடுக்கலாம் என்று ஹோஸ்ட் அம்மாவுக்கு எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிந்த முறைதான், கேட்டால் செய்வார்கள். தோஃபு, நத்தோ (புளிக்கவைத்த சோயா அவரை), சோறு, முட்டை சாப்பிடுவீர்களென்றால் பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

பாடசாலையிலேயே மதிய உணவு தருவார்கள் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது பெரும்பாலும் ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளில். உயர்நிலையில் வீட்டிலிருந்து "பென்டோ" கொண்டுபோவார்கள், அல்லது சிற்றுண்டிச்சாலையில் வாங்குவார்கள். சைவப் பிள்ளைக்கு இது நல்ல சேதி. வாரத்தில் இரண்டு நாள் நீங்களே பென்டோ கட்டுவதாகச் சொல்லுங்கள். பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் 30 நிமிடத்தில் ஆகும், ஹோஸ்ட் அம்மாவுக்கும் ஓய்வு. வெந்தயம் தாளிக்கும் முன் புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். அந்த வாசம் அவர்கள் திரைச்சீலையில் நாட்கணக்கில் நிற்கும்.

ஹலால் உணவு கிடைக்குமா?

பெரிய நகரங்களில் ஹலால் கடைகள் உண்டு, இணையத்திலும் உறைந்த கோழி வாங்கலாம். கிராமப் பக்கம் போனால் மீன், முட்டை, மரக்கறி என்று வருடத்தை ஓட்டும் மனநிலை வேண்டும். காத்தான்குடி, கல்முனைப் பிள்ளைகளுக்கு மீன் ஒரு பிரச்சினையாக இராது. பன்றி கண்ணுக்குத் தெரியும், மது தெரியாது. சமையலில் சேர்க்கும் "மிரின்", "சாக்கே" இரண்டும் மதுவகை. தெரியாக்கி குழம்பிலும் அவித்த மீனிலும் அவை சாதாரணம். ஜெலட்டின், பாணிலும் பிஸ்கட்டிலும் சேரும் கொழுப்பு, சூப் தூள் இவற்றையும் பார்க்க வேண்டும். பன்றி, மாடு, கோழி, மது ஆகிய நான்குக்கும் உரிய கஞ்சி எழுத்துகளை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிப் பணப்பைக்குள் வையுங்கள். கடையில் பொதியின் பின்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

தொழுகைக்கு நேரம் தருவார்களா?

ழுஹர் பகலுணவு நேரத்துக்குள் வரும். வெற்று வகுப்பறையோ மருத்துவ அறையின் ஒரு மூலையோ கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். 10 நிமிடம் போதும் என்று சொல்லிக் கேளுங்கள். நேரத்தின் அளவு தெரியாதபோதுதான் தயங்குவார்கள். நம் ஊரில் சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய 6 மணிக்கு எழுந்து 6 மணிக்கு விழும். டோக்கியோவில் டிசம்பரில் 4.30க்கே மஃரிப் வந்துவிடும், கழகப் பயிற்சியின் நடுவில் வந்து நிற்கும். ஜூனில் சூரியன் 4.25 அளவில் உதிப்பதால் சுபஹுக்கு அதற்கு முன்பே எழும்ப வேண்டியிருக்கும். பயிற்சியின் நடுவில் வரும் மஃரிப் பற்றிப் பயிற்றுநரிடம் ஒக்டோபரிலேயே சொல்லி வையுங்கள். ஜும்ஆ பாடசாலை நாளில் வருவது. பள்ளிவாசல் பக்கத்தில் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று உங்கள் மௌலவியிடம் புறப்படும் முன்பே கேட்டுத் தெளியுங்கள். கழுவுதொட்டியில் கால் தூக்கி வுழூ செய்வதைப் பார்த்தால் அங்குள்ளவர்கள் திகைப்பார்கள், தரையையும் நனைக்கும். வெளிக் குழாயோ ஒரு போத்தலோ பாவியுங்கள்.

கழகத்தில் சேரத்தான் வேண்டுமா?

சேருங்கள். ஒரு வருடத்தில் கிடைக்கும் நண்பர்களில் பாதிக்கு மேல் "புகாட்சு" எனும் கழகத்திலிருந்துதான் வருவார்கள். வகுப்பில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் பந்து கையில் இருந்தால் பேசுவார்கள். ஏப்ரலில் பார்த்துவிட்டுச் சேரும் காலம் உண்டு. இடையில் போனாலும் சில நாள் பார்க்கக் கேட்கலாம்.

தெரிவில் கவனம் வேண்டும். பேஸ்போல், ஊதுவாத்தியக் குழு போன்றவை வாரத்தில் ஆறு நாளும் பயிற்சி வைப்பவை, செலவும் கூட. கரப்பந்து, பட்மிண்டன் தெரிந்த பிள்ளைக்கு அது மொழியில்லாத வாசல். தேநீர்க் கலை, எழுத்தழகு, சமையல் கழகங்கள் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நாள் மட்டும் கூடும். சேர்ந்த பின் சொல்லாமல் நின்றுவிடுவது அங்கே பெரிய குற்றம். வர முடியாத நாளில் காரணத்தை அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள். மேல்வகுப்புப் பிள்ளை "சென்பாய்". நம் ஊரில் அண்ணா, அக்கா என்பது போலவே பெயரோடு சேர்த்து அழைக்கலாம்.

யாரும் வந்து பேசுவதில்லையே?

முதல் வாரம் கூட்டம் கூடும், மூன்றாம் வாரம் கலையும். அதன் பிறகு வரும் ஒரு மாதம்தான் கடினம். அவர்களுக்கு ஆங்கிலம் பிழைத்துவிடும் என்ற பயம், உங்களுக்கு ஜப்பானியம் பிழைத்துவிடும் என்ற பயம். பகலுணவு நேரத்தில் மேசையைச் சேர்த்துச் சாப்பிடும் குழுவிடம் போய் "இஷ்ஷோனி தாபெத்தெமோ ஈ?" என்று கேளுங்கள். சேர்ந்து சாப்பிடலாமா என்று பொருள். இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வாவி, கல்லடிப் பாலம், வீட்டு முற்றம், பாடசாலை, கோயில் அல்லது பள்ளிவாசல் என்று பத்துப் படம் அச்சடித்து எடுத்துப் போங்கள். கல்லடி வாவியில் முழுநிலா இரவில் மீன் பாடும் என்று சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

வீட்டில் குளிப்பது, சாப்பிடுவது எப்படி?

தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் இருந்து சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, நுரை முழுக்கப் போன பிறகே வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும். ஒரே தண்ணீரில்தான் வீட்டார் அனைவரும் அடுத்தடுத்து இறங்குவார்கள். முடிந்ததும் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள். தலையில் நல்லெண்ணெய் வைத்த நாளில் தொட்டிக்குள் இறங்கவே வேண்டாம்.

கையால் சாப்பிடுவது ஓனிகிரி எனும் சோற்று உருண்டை போன்ற சிலவற்றுக்கு மட்டும். உங்கள் பாணியில் சோறு கறி சமைக்கும் நாளில் கையால் சாப்பிட்டுக் காட்டுங்கள், ஆசையோடு பார்ப்பார்கள். சோற்றில் சோப்ஸ்டிக்கை நட்டு நிறுத்தாதீர்கள். அது செத்தவீட்டுப் படையல்.

குளிருக்கு என்ன ஏற்பாடு?

டோக்கியோவில் ஜனவரிச் சராசரி 5 பாகை, சப்போரோவில் பூச்சியத்துக்குக் கீழே 3. தடித்த ஒரு ஜக்கெட்டை இங்கே வாங்கிப் பெட்டியை நிரப்பாமல், அங்கே உடலோடு ஒட்டும் வெப்ப உள்ளாடை மூன்று சோடி வாங்குங்கள். வகுப்பறையில் சூடேற்றி இருக்கும், நடைவழியிலும் உடற்பயிற்சி மண்டபத்திலும் இருக்காது. உதடு வெடிப்பதும் மூக்கில் இரத்தம் வருவதும் காற்றின் வறட்சியால். வசலின் போதும்.

சைக்கிளில் போகலாமா?

பலரும் அப்படித்தான் போகிறார்கள். வாகனங்கள் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம். டபிள்ஸ் போவது, குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது, போன் பார்ப்பது மூன்றும் சட்டப்படி குற்றம். 2026 ஏப்ரல் 1 முதல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சைக்கிளோட்டிகளுக்குத் தண்டச் சீட்டு எழுதும் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. மழைக்கு மழைக்கோட்டு வாங்குங்கள். ரயிலில் போகிறவர் மாணவர் பருவச் சீட்டு எடுக்கலாம். ரயில் தாமதித்தால் நிலையத்தில் தாமதச் சான்று வாங்கிப் பாடசாலையில் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால்?

காலையில் பாடசாலைக்கு அறிவிக்க வேண்டும், அதை ஹோஸ்ட் குடும்பம் செய்யும். இன்ஃபுளுவென்சா என்றால் காய்ச்சல் தொடங்கி 5 நாளும் காய்ச்சல் விட்டு 2 நாளும் கடக்கும் வரை போகக்கூடாது. அது வராத நாளாகக் கணக்கில் சேராது. மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் தேசிய சுகாதாரக் காப்புறுதியில் சேர வேண்டும். வைத்தியச் செலவில் 30 சதவீதம் நீங்கள் கட்டுவது.

வைத்தியர் எழுதிய மருந்து ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே ஜப்பானிய அனுமதிச் சான்று எடுக்க வேண்டும். இறைச்சி சேர்ந்த எந்த உணவும், பச்சைக் கறிவேப்பிலையும், மாம்பழமும் பெட்டிக்குள் வேண்டாம். கடையில் அடைத்து விற்கும் தூள்களைப் பொதி உடைக்காமல் கொண்டுபோங்கள். பரிசுக்கு தேயிலையும் மருதமுனைக் கைத்தறித் துணியும் நல்லவை, உடையாது, கனமுமில்லை.

பூமியதிர்ச்சி வந்தால்?

வரும், சிறியவை அடிக்கடி வரும். போன் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும். மேசைக்குக் கீழே போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே ஓடக்கூடாது. ஓடு, கண்ணாடி விழுவது அங்கேதான். பாடசாலையில் ஒத்திகை நடக்கும். 1923ஆம் ஆண்டுப் பெரும் அதிர்ச்சி நினைவாக செப்டம்பர் 1ஐ அனர்த்தத் தடுப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். கடலோர ஊரில் இருந்தால், பலமாகவோ நீண்ட நேரமோ ஆடினால் சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு நடங்கள்.

இதில் நம் கரையோரப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாவலடி, கல்லடி, மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் வீடுகளில் 2004 டிசம்பர் 26இன் இழப்பைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ஒத்திகைச் சைரன் கேட்டதும் உடல் நடுங்கலாம், வகுப்பில் அழுகை வரலாம். குடும்பத்தில் யாரையாவது இழந்திருந்தால் அதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஒத்திகை நாளை முன்னதாகச் சொல்லி, பக்கத்தில் ஒருவரை இருத்துவார்கள். சுனாமி அவர்களுடைய கடலும் கண்டது. 2011க்குப் பிறகு அங்கே இதை யாரும் சிறிதாக எடுப்பதில்லை.

வீட்டுக்கு எப்போது கோல் எடுக்கலாம்?

ஜப்பான் நேரம் மூன்றரை மணி முந்தியது. அங்கே இரவு 9 என்றால் இங்கே பின்னேரம் 5.30. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணிநேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அம்மாவோடு வீடியோவில் இருக்கும் பிள்ளை, அடுத்த அறையில் இருக்கும் ஹோஸ்ட் அம்மாவோடு பேசாமல் போய்விடும். அம்மாமாரே, அழைக்காத நாளில் பிள்ளை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரப் பரீட்சை பாதிக்காதா?

ஒரு வருடம் பிந்தும், அதை ஏற்றுக்கொண்டே அனுப்புங்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதிய பின் போவதுதான் சேதம் குறைந்த நேரம். பாடசாலையிலிருந்து விலகிப் போகாமல், விடுப்பில் போவதாக அதிபரிடம் எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தொகுதியில், எந்தப் பிரிவில் திரும்பச் சேர்ப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படை இருப்பதால், நீங்கள் எங்கே படித்தீர்கள் என்ற பதிவில் இடைவெளி விழுந்தால் அதற்குக் கடிதம் கேட்பார்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு உங்கள் பிரதியை வைத்திருங்கள்.

திரும்பும் முன் முடிக்க வேண்டியவை?

கடைசி மாதத்தில் பாடசாலை அலுவலகத்தில் வரவுச் சான்றும் புள்ளிச் சான்றும் ஆங்கிலத்தில் கேளுங்கள். தயாரிக்க இரண்டு வாரம் ஆகலாம், முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வந்திறங்கி முகவரி அமைந்த 14 நாளுக்குள் நகரசபையில் பதிந்தீர்களே, அங்கேயே வெளியேறும் அறிவித்தலும் கொடுக்க வேண்டும். காப்புறுதிக் கணக்கும் அப்போதே முடியும். வங்கிக் கணக்கையும் சிம்மையும் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது மூடுங்கள். கடைசி நாளுக்கு வைத்தால் ஏதாவது கட்டணம் நிலுவையில் நிற்கும். இரவலாக வாங்கிய சீருடையைச் சலவைக்குக் கொடுத்து, உறையோடு திருப்பிக் கொடுங்கள். வதிவிட அட்டையை விமான நிலையக் குடிவரவு அதிகாரியிடம் ஒப்படைக்கும் வரை கைப்பையிலேயே வையுங்கள், பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.